கோப்பி ஆலை

எங்கள் பக்கத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டால் யாரும் இரண்டாம் கொத்துக் கொத்துவதில்லை. போர் முடிந்து இத்தனை வருசமாகியும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. வாவிக்கரையில் எங்கள் வளவுக்குள் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த என் கணவரும், 'டங்' என்று கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்.

நான்தான் எட்டிப் பார்த்தேன். சேற்றுக்குள் பித்தளைப் புனல் ஒன்றும் வளைந்த கைபிடி ஒன்றும் தெரிந்தன. ஏதோ அரைக்கிற மெசின் என்று நினைத்தேன். கோப்பி அரைக்கலாம், குரக்கன் அரைக்கலாம். ஆசை யாரை விட்டது? இறங்கி இழுத்தெடுத்தேன். புனலுக்குக் கீழே நீளமாக ஒரு குழாய் இருந்தது.

"சுடுற துவக்கு," என்றார் அவர்.

"துவக்குக்கு என்னத்துக்குக் கைபிடி? உங்களுக்கு உலக்கையும் துவக்காத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும் புள்ள. திரும்பப் போட்டு மூடு."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அதை அவர் கண்ணில் படாத பக்கமாக இழுத்து வைத்தேன். இளந்தாரியாக இருந்த காலத்தில், கண்ணாலும் காணாத ஒரு துவக்கைக் கேட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். காணாததற்கே அந்தப் பாடு. இப்போது கண்டும்விட்டார்.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, படமெடுத்து வெளிநாட்டிலிருக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். அவன் எங்கெங்கோ தேடிவிட்டுப் போனில் அழைத்தான்.

"அக்கா, அது துவக்குத்தான். நூற்றைம்பது வருசம் இருக்கும். புனலுக்குள்ள ரவையைப் போட்டுக் கைபிடியைச் சுத்தினா ஒவ்வொண்டா வெடிக்கும். அந்தக் காலத்து ஆக்களே அதைக் கோப்பி ஆலை எண்டுதான் சொல்லியிருக்காங்க."

அவர் சொன்னதும் சரி, நான் நினைத்ததும் சரி என்றால் என்ன செய்வது? அது எந்தக் கப்பலில் வந்தது, யார் எங்கள் வளவு மண்ணுக்குள் தாட்டார்கள் என்று தம்பிக்கும் தெரியவில்லை. திரும்பத் தாட்டுவிடலாம் என்றால், பக்கத்து வீட்டு மாமி ஏற்கெனவே வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். அவ்வளவு பழைய துவக்கு துவக்குக் கணக்கில் சேருமா என்று பொலிசைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் சொன்னதாகிவிடும்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கடைசியில் எழும்பி, கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார்.

"நானே போய்ச் சொல்லுறன். அவங்களா வந்து எடுத்தா, இன்னொருக்கா அந்தப் பாடு என்னால ஏலாது."

இரண்டு பொலிசார் அவரோடேயே வந்தார்கள். மூத்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, பழம்பொருள் வைக்கிற நூதனசாலைக்குக் கொடுக்கலாம் என்றார். தேத்தண்ணி போடலாம் என்று குசினிப் பக்கம் திரும்பினேன். இளைய பொலிஸ்காரன், பிள்ளை வயது, விளையாட்டுக்குக் கைபிடியைப் பிடித்துச் சுற்றினான். 'கட கட' என்று சத்தம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் குழி ஓரத்துச் சேற்றில் முழங்காலில் இருந்தார். இரண்டு கையும் பிடரியில் கோர்த்திருந்தன. யாரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை.

அந்தப் பொடியன் பதறிப்போய்க் கைபிடியை விட்டான். "ஐயா, எழும்புங்க ஐயா," என்று உடைந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னான். அவருக்குக் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

அது ஆலையா துவக்கா என்ற குழப்பம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. அது துவக்குத்தான்.