என் மதிலை இடிக்கச் சொன்ன அக்கா

சாவகச்சேரிக்குத் தெற்கே, கடனீரேரியை அண்டிய எங்கள் ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். நான்கு வருடம் கழித்து நான் பிறந்தேன். எங்களுக்குப் பின் வேறு பிள்ளைகள் இல்லை. அக்கா படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். அக்கா ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். நான் உயர்தரம் படித்ததும் பின்னர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனதும் அந்த வேலையால்தான்.

அக்காவின் இல்லற வாழ்வு நீண்டதாக அமையவில்லை. போரால் ஊரோடு இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அத்தான் காய்ச்சலில் காலமானார். மகளுக்கு அப்போது மூன்று வயது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அக்கா தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே பிள்ளையை வளர்த்தார். சங்கக்கடை மீண்டும் திறந்த அன்றே வேலைக்கும் போனார். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நீரிழிவு வருத்தம், எந்த வீட்டில் ஒருநேரம்தான் உலை வைக்கிறார்கள் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததை எவரிடமும் சொல்லித் திரிந்ததில்லை.

உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, வேட்பாளர் தேடி இரண்டு பேர் சங்கக்கடைக்கு வந்தார்கள்.

“அக்கா, பேரைத் தந்தால் போதும். கூட்டம் கீட்டம் எல்லாம் நாங்கள் பாப்பம்.”

அக்கா பருப்பைக் கடதாசிச் சரையாகச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாராம்.

“பேர் மட்டும்தான் வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ. நான் வாறதெண்டால் வேலை செய்யத்தான் வாறன்.”

கேள்விப்பட்டதும் நான் சண்டைக்குப் போனேன். “உது எங்கடை குடும்பத்துக்குத் தேவையே? ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களே?”

“ஊர் இப்பவும் கதைச்சுக்கொண்டுதானே இருக்கு. வீட்டுக்குள்ளை வெள்ளம் நிக்குது எண்டும் கதைக்குதுகள். அதை ஆர் காதிலை விழுத்தினது?”

அக்கா சொன்னது என் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் குறுகிய ஒழுங்கையைப் பற்றி. ஒவ்வொரு மாரிக்கும் அந்த ஒழுங்கைக் குடும்பங்கள் பாயும் சட்டிபானையுமாக என் வாசல் படலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் தங்கப் போவார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நேரம் பாண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா பிரதேச சபை உறுப்பினரானார். முதல் அமர்வில் எழும்பி, ஒழுங்கையின் குறைகளை எழுதிவந்த தாளைப் பார்த்து வாசித்தபோது ஓர் உறுப்பினர், “அக்கா, சங்கக்கடைச் சாமான் லிஸ்டோ?” என்று கேட்க, சபை சிரித்தது. அக்கா சிரிப்பு ஓயும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். அடுத்த அமர்விலும் அதே தாளை வாசித்தார். அதற்கடுத்த அமர்விலும் வாசித்தார். கடைசியில் சபை நில அளவையாளரை அனுப்பியது. குளத்திலிருந்து கடனீரேரிக்குத் தண்ணீர் போகும் பழைய வெள்ளவாய்க்காலை மறித்து ஐந்து மதில்கள் நிற்பது வரைபடத்தில் தெரிந்தது. அவற்றில் ஒன்று என்னுடையது.

அன்று பின்னேரம் அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, உன்ரை மதில் வாய்க்காலுக்குள்ளை நிக்குது.”

“எல்லாருந்தான் கட்டியிருக்கினம். அவையின்ரையை முதல் இடிக்கச் சொல்லுங்கோ. பிறகு பாப்பம்.”

“உன்ரையை விட்டிட்டு மற்றவையின்ரை படலையிலை நான் எந்த முகத்தோடை போய் நிக்கிறது?”

“அப்ப சொந்தத் தம்பியின்ரை மதிலை இடிச்சுத்தான் பேர் எடுக்கப் போறியள்.”

அக்கா வந்த வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதம் சபை தீர்மானித்து இயந்திரம் அனுப்பியது. என் மதிலைத்தான் முதலில் இடித்தார்கள். அக்கா முழுநேரமும் வெயிலில் நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

அதன்பின் நான் அக்காவுடன் கதைக்கவில்லை. அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, கலியாணம் வந்தது. தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு அக்காவே வந்து கூப்பிட்டார். என் மனைவிதான் வாங்கி வைத்தார். நான் முன்னுக்கு வரவில்லை. கலியாணத்துக்கும் போகவில்லை. தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் தூரத்து உறவினர் ஒருவர் நின்றார். அக்காவின் இந்த நினைவு மலரை வாசிக்கும் சொந்தக்காரர் பலருக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த மாரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையிலும் என் படலையை ஒருவரும் தாண்டிப் போகவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. குடையை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். என் மதில் நின்ற இடத்தால் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. முதல் வீட்டில் ஒரு தாய் அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐயா, உந்த மழைக்குள்ளை? உள்ளுக்கு வாங்கோ. இந்த வருசந்தான் பிள்ளையள் தங்கடை வீட்டிலை இருந்து மழை பாக்குதுகள்.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, “நல்லா நனைஞ்சு போனாய். தலையைத் துடை, தேத்தண்ணி வைக்கிறன்,” என்றார். மதிலைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பிறகொரு நாள் கதைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வருடங்கள் போய்விட்டன.

அடுத்த தேர்தலில் அக்கா எங்கள் வட்டாரத்தில் நின்று தோற்றார். மதில் இழந்த மற்றவர்களும் அவர்களுடைய ஆட்களும் அவருக்கு வாக்களிக்கவில்லை என்று நான் கொதித்தேன். “நான்தானே தோத்தனான். வாய்க்கால் தோக்கேல்லைத்தானே,” என்றார் அக்கா. பிறகும் கடிதங்களோடு சபைக்குப் போய், பொதுமக்களுக்கான வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

சிறுநீரக வருத்தம் அவரை மெல்லமெல்லக் கரைத்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபோது, தம்மைத் தோற்கடித்த புதிய உறுப்பினர் பார்க்க வந்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “ஐப்பசிக்கு முதல் வாய்க்கால் வாயைத் துப்பரவாக்கிப் போடுங்கோ, தம்பி. பிந்தினால் பிரயோசனமில்லை.” பத்து நாளில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தூரதேசங்களிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறிய ஒழுங்கைத் தாய்மாருக்கும், பாடை சுமந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும், சொன்னபடி வாய்க்காலைத் துப்பரவாக்கிய உறுப்பினருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அக்கா சிவனடியில் இளைப்பாறட்டும்.

கடைசி நன்றி மருமகளுக்கு. சாம்பல் அள்ளும் காடாற்றுச் சடங்கு முடிந்த அன்று, கலியாணத்துக்கு வராததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அம்மா அண்டைக்கே சொன்னவா, மாமா,” என்றாள். “‘மாமா கோவத்திலை வரேல்லை எண்டு நினையாதை, பிள்ளை. வெக்கத்திலைதான் வரேல்லை’ எண்டு.”

கோபம் என்றே நானும் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

தம்பி