போதாத சாப்பாடு

கனடாவில், வோபர்ன் என்ற இடத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு இருந்தது. தொண்ணூறுகளில் அந்த வகுப்புக்கு ஆள் பஞ்சமே இல்லை. என் பக்கத்து நாற்காலி ஜிஹூன் என்ற கொரியப் பையனுடையது. அவனிடம் கொரிய மொழி, என்னிடம் தமிழ். நடுவில் பாதிக்கு மேல் கையாலேயே பேசிய ஓர் ஆங்கிலம்.

ஒருநாள் ரீச்சர் ஆளுக்கொரு பெரிய சொல் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அதை வைத்துச் சொந்தமாக ஒரு வசனம் சொல்லி விளக்கவும் வேண்டும். சரியாகச் சொன்னால் மற்றப் பிள்ளைகளோடு பெரிய வகுப்பில் போய் இருக்கலாம். அங்கே போவதற்கு ஜிஹூன் தவம் கிடந்தான். அவனுக்கு வாய்த்த சொல் 'இன்சேஷபிள்'. எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்று நிற்பவரைச் சொல்வது. அகராதியைக் கரைத்துக் குடித்துவிட்டு, அப்படி ஒரு மனிதரைத் தான் கண்டதே இல்லை என்றான்.

வியாழன் பின்னேரம் சேர்ந்து படிக்க அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா பிட்டும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தார். அவன் தட்டை இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிந்தான். அம்மா அதிலேயே உருகிப்போனார்.

பெரியவர்கள் போட்டதை மிச்சம் விட்டால் அவன் வீட்டில் மரியாதைக் குறைவு. வந்தவரை வெறும் தட்டோடு இருக்கவிட்டால் எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. அவன் வழித்துச் சாப்பிட்டான். அம்மா போட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வழித்தான். அம்மா மறுபடி போட்டார்.

"அவனுக்குக் காணும் போல அம்மா, வயிறு நிறைஞ்சிட்டுது" என்றேன்.

"நீ சும்மா இரு. பிள்ளைக்குப் பசி, கேக்கக் கூச்சப்படுது. தட்டைப் பார், கழுவின மாதிரிக் கிடக்கு."

அப்பாவுக்குக் கட்டிக் கொடுக்க வைத்திருந்த பிட்டும் தீர்ந்த பிறகுதான் அவன் தப்பினான். சோபாவில் மல்லாந்து கிடந்தவனிடம் எந்தப் படிப்பைப் பேசுவது?

மறுநாள் வகுப்பில் எழுந்து, "என் நண்பனின் அம்மா இன்சேஷபிள்" என்றான்.

"அவ்வளவு சாப்பிடுவாரா?" என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை, அவர் சாப்பிடவே இல்லை. நான் சாப்பிட்டேன். எனக்குப் போதும். அவருக்குப் போதவில்லை."

ரீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். திங்கட்கிழமை ஜிஹூன் பெரிய வகுப்புக்குப் போனான். என் சொல்லில் தவறிய நான் பழைய வகுப்பிலேயே இருந்தேன். என் அம்மாவைப் பேராசைக்காரி ஆக்கி இவன் பாஸ் பண்ணிவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் கோள் சொன்னேன்.

அம்மா கோபிக்கவே இல்லை. "அவன் திரும்ப எப்ப வாறானாம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா அப்போது மிசிசாகாவில் இரண்டு வேலை பார்த்தார். அம்மா கட்டிக் கொடுப்பதை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவார். நான் பீட்சா கேட்டு அழுதுகொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் சமைத்ததை வழித்துச் சாப்பிட்ட முதல் ஆள் ஜிஹூன்தான். அது அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானும் இன்னொரு தட்டுக் கேட்டிருப்பேன்.