தேடிப் போனவர் யார்?

சகோதர சகோதரிகளே, ஒரு பிள்ளை காணாமல் போன அன்று எங்கள் சபைப் பெரியவர்கள் ஒட்டுத்தாடி சரியாக நிற்கிறதா என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடலூர் செம்மண்டலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன மழைக்காலத்தில் பாடம், இயேசு நல்ல மேய்ப்பர், தொலைந்த ஒரே ஒரு ஆட்டையும் தேடிப் போகிறவர். ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாகப் போட்டார்கள். பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் மேய்ப்பர் வேஷம் ஞாயிறு பள்ளி மேற்பார்வையாளருக்கு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண். நிஷா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. யாரோ ஒரு பையனோடு போனில் பேசினாள் என்று புகார் வந்ததாம். சனிக்கிழமை ஒத்திகையில் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்.

"உன்னாலதான் மத்த புள்ளைங்களும் கெட்டுப்போவுதுங்க. நீ வேணாம், வெளிய போ."

சொல்லும்போது கையில் மேய்ப்பன் கோல். நான் அன்று கடையில் இருந்தேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் கோயிலுக்கென்று கிளம்பியவள் வந்து சேரவில்லை. அவள் அம்மா மழையில் நனைந்தபடி ஓடி வந்து மகள் எங்கே என்று கேட்டார். நாடக வேஷம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் தாடியைக்கூடக் கழற்றவில்லை.

"சாயங்காலம் தானா வந்துடும் சிஸ்டர். போலீசு கீலீசுன்னு போனா சபை பேரு கெட்டுடும்."

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஆண்டவர் அவர்களுக்குக் கொடுத்த ஒரே வரம் அதுதான்.

அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். வகுப்புக்குள் போனேன். பாடம் எடுக்க வாய் வரவில்லை. பிள்ளைகளோடு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நீர்தான் மேய்ப்பர். இங்கே வேறு யாரும் இல்லை" என்றேன். அதற்கு மேல் ஜெபிக்கத் தெரியவில்லை.

ஆமென் சொல்லும் முன் நிஷாவின் தோழி தேம்பினாள்.

"அக்கா, அவ சிதம்பரம் போறேன்னா. அங்கேர்ந்து ரயில்ல மெட்ராஸ் போறாளாம். இங்க ஏறுனா தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களாம். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

நிஷாவின் அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். ரயில் நிலையத்தில் பிளாட்பாரம், கழிப்பறை எல்லாம் தேடினேன். இல்லை. அப்போதுதான் ஒரு ரயில் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "எங்க கையை விட்டுப் போயிட்டா. உம்ம கையில இருக்காளா?" என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சிதம்பரம் கீழ வீதியில பூக்கடை வச்சிருக்கேம்மா. ஒரு பொண்ணு ரொம்ப நேரமா அழுதுகிட்டு ஒக்காந்திருக்கு. யாருக்குப் போன் போடணும்னு கேட்டா உங்க நம்பரச் சொல்லுது. நீங்க அம்மாவா?"

"இல்லீங்க. வேதபாட டீச்சர். இதோ வந்துடறேன்."

நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்தப் பூக்கடை அம்மா தன் துண்டால் நிஷாவின் தலையைத் துவட்டி, இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார். மேய்ப்பன் கதை அவருக்குத் தெரியாது. எங்கள் கமிட்டிக்கு அது மனப்பாடம்.

நிஷா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்களும் திட்டுவீங்களாக்கா?"

"திட்டுறதுக்கா இவ்ளோ தூரம் வருவேன்? வா, அம்மா காத்துகிட்டிருக்காங்க."

ஆண்டு விழாவில் நாடகம் முடிந்ததும் மேற்பார்வையாளர் மைக் பிடித்தார். "எங்கள் ஜெபத்தால் தொலைந்த ஆடு திரும்பியது" என்று கண்ணைத் துடைத்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. நான் எழுந்தேன்.

"ஐயா, நீங்க எங்க தேடுனீங்க?"

"சிஸ்டர், உக்காருங்க."

நான் உட்காரவில்லை. என் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நிஷா கடைசியாக எழுந்தாள்.

இப்போது வகுப்பு என் தையல் கடையில் நடக்கிறது. சபைக்குக் கீழ்ப்படியாதவள் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். முன்பெல்லாம் அந்த ஆட்களுக்குப் பயப்படுவேன். அந்தப் பயத்தை ஆண்டவர் எடுத்துப்போட்டார், அவருக்கு நன்றி.

இதைக் கேட்கிற தம்பி, தங்கச்சிகளே, உங்களையும் யாராவது வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொன்னது இயேசு இல்லை. அவர் உங்களைத் தேடி வெளியேதான் நிற்கிறார். ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.