எதிர்காற்றுக்கு ஒரு கியர் செட்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலை எனக்கு. வீடு எர்ணாவூர். கனத்த சைக்கிளில்தான் போவேன், வருவேன்.

பொங்கலுக்கு எங்கள் பக்கம் சைக்கிள் ரேஸ் உண்டு. எர்ணாவூரில் புறப்பட்டு, கடலோர ரோட்டில் ராயபுரம் போய், அங்கே ரோட்டில் வைத்திருக்கும் ட்ரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரு வருஷம் இரவல் ரேஸ் சைக்கிளில் ஓட்டினேன். திரும்பும்போது திருவொற்றியூரில் கால் நின்றுவிட்டது. மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறி வந்தேன். சைக்கிள் பக்கத்தில் படுத்துக்கொண்டு வந்தது. ஊரே பார்த்தது. அடுத்த பொங்கலுக்கு முதலாவதாக வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பழைய ரேஸ் ஃபிரேம் ஒன்று கிடைத்தது. சக்கரம் தேடிப் போட்டேன். மிச்சம் கியர் செட்.

வண்ணாரப்பேட்டையில் பாயின் சைக்கிள் சாமான் கடை. என் தோஸ்தும் கூட வந்தான். அவனும் ரேஸ் ஓட்டுகிறவன். பாய் மூன்று தினுசு எடுத்து வைத்தார். மட்டமானது வெறும் தகரம், உப்புக் காற்றில் ஒரு மழை தாங்காது. உசத்தியானது பளபளவென்று இருந்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை. தோஸ்து போட்டிருந்தது அதுதான். நடுவில் இருந்தது கொஞ்சம் கனம். ஆனால் பின்சக்கரத்தில் மாட்டும் அதன் ஃப்ரீவீலில் கடைசிப் பல் சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிசு. அதில் செயினைப் போட்டால் வேகம் வராது. மிதிக்க லேசாக இருக்கும்.

நடுவில் இருந்ததைத் தொட்டேன்.

"இன்னா மாமு, மலைக்கா போப்போற? நம்ம ஊர்ல மேடுன்னா மேம்பாலந்தான்," என்றான் தோஸ்து.

"கையில துட்டு கீதுல்ல நைனா? அப்பால இன்னாத்துக்கு இது?" என்றார் பாய்.

"காத்து கீது பாய்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தினம் சாயங்காலம் அந்தக் காற்றில்தான் வீடு திரும்பினேன். மார்கழி, தை மாசத்தில் வடக்கே இருந்து வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தோஸ்து வேலைக்கு பஸ்ஸில் போகிறவன்.

ரேஸ் அன்றைக்குப் போகும்போது காற்று எல்லார் முதுகிலும். பறந்தார்கள். நான் கடைசி.

"மீன்பாடி வண்டிய சொல்லி வெச்சிகினியா மாமு?" என்று கேட்டுவிட்டுத் தோஸ்து போனான்.

ட்ரம்மைச் சுற்றினேன். காசிமேடு தாண்டியதும் கடல் பக்கம் மறைப்பு இல்லை. பாறைதான். காற்று முகத்தில் அடித்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக சீட்டை விட்டு எழுந்து மிதித்தார்கள். அப்படி எழுந்தால் உடம்பே காற்றைப் பிடிக்கிற படகுப் பாய். நான் செயினை அந்தப் பெரிய பல் சக்கரத்தில் போட்டேன். குனிந்துகொண்டேன். கால் தன்பாட்டுக்குச் சுற்றியது.

ஒருத்தனைத் தாண்டினேன். அப்புறம் கும்பலாக நாலைந்து பேரை. திருவொற்றியூர் முடிகிற இடத்தில் தோஸ்து மட்டும் முன்னால். பெடல் கீழே போக மாட்டேன் என்கிறது அவனுக்கு. பக்கத்தில் போனேன்.

"எங்க போய்கினு கீற?" என்றான், மூச்சு வாங்க.

"வூட்டுக்கு."

அதற்குப் பிறகு முன்னால் யாரும் இல்லை. ரோடும் காற்றும்தான். எர்ணாவூரில் கயிறு கட்டியிருந்தார்கள். அதை நெஞ்சால் தள்ளினேன். விசில் அடித்தார்கள், நிற்கச் சொன்னார்கள். நிற்கவில்லை. காலில் இன்னும் பலம் இருந்தது. எண்ணூர் வரை அதே காற்றில் ஓட்டிக்கொண்டு போனேன்.