பித்தப்பை போனது, நாத்தனார் போகவில்லை

என் பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னதும், என் கணவர் முதலில் போன் செய்தது செலண்டாரில் இருக்கும் தன் அக்காவுக்குத்தான். எங்கள் குடும்பத்தில் அந்தக் கல்லுக்கு அவர்தான் சீனியர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவருக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பெண்கள் கூடிவிட்டால் அந்தத் தழும்பைக் காட்டாமல் நாத்தனார் வீடு திரும்பியதில்லை.

"ஒரு மாசம் நீ அசையக் கூடாது. நான் வந்து பார்த்துக்கறேன்லா," என்றார்.

ஆபரேஷன் நடந்த மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்குள் நான் நடந்தே நுழைந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் பேசினும் சுடுதண்ணீர் பிளாஸ்க்குமாக நாத்தனார் தயாராக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"என்னம்மா, ஆபரேஷன தள்ளிப் போட்டுட்டாங்களா?"

"முடிஞ்சிருச்சு அண்ணி."

"எங்க, காட்டு."

காட்டினேன். வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரிகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்குள்ள எப்படி கை போகும்?"

"கை போகாது அண்ணி. கேமராதான் போகும். டிவியில பார்த்துக்கிட்டே வெட்டி எடுத்துர்றாங்க."

அவர் நம்பவில்லை. போதாக்குறைக்கு, அன்று சாயங்காலம் எனக்கு வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகமாக வலித்தது. நாத்தனார் என் கணவரைக் கூப்பிட்டார். "தம்பி! வயித்துல செய்யச் சொன்னா தோள்ல செஞ்சு அனுப்பியிருக்கானுங்கடா!"

அடுத்த வாரம் காயத்தைக் காட்டப் போனபோது, நியாயம் கேட்க அவரும் கூடவே வந்தார். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். பொறுமையாகச் சொன்னார்: "உள்ள இடம் கிடைக்கறதுக்கு வயித்துல கேஸ் அடிப்போம் ஆண்ட்டி. அதுல மிச்சம் இருந்தா தோள்ல வலிக்கும். தானா போயிரும்."

"லாரி டயருக்கு அடிக்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. அப்புறம் பித்தப்பைய ஒரு சின்னப் பையில போட்டு, தொப்புள் ஓட்டை வழியா இழுத்துருவோம்."

நாத்தனார் எழுந்தார். நான் தடுப்பதற்குள் சட்டையை உயர்த்திவிட்டார். "அப்ப இது என்னவாம்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "அம்மாடி. ரொம்ப கஷ்டப்பட்டிருப்பீங்களே ஆண்ட்டி."

அத்தனை கல்யாண வீடுகளில் வாய் ஓயாமல் பேசியவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கைப்பிள்ளக்காரி அப்ப. பிள்ள அழும். தூக்க முடியாது. படுத்துக்கிட்டே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

எனக்கு அது தெரியாது. தழும்பைப் பார்த்த அளவுக்கு யாரும் அவரைக் கேட்டதில்லை.

காரில் ஏறியதும் தீர்ப்பு வந்தது. "நல்ல பொண்ணு. படிச்ச பொண்ணு. ஓட்டை போட்டா போட்டுட்டுப் போகுது."

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். நாத்தனார் மட்டும் கிளம்பவில்லை. ஒரு மாதம் என்று செலண்டார் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவராம். ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். ஹாலில் அவர் கால் நீட்டிப் படுத்திருக்க, என்னைப் பார்க்க வந்த அண்டை வீட்டுப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும்.

"பாவம், எவ்வளவு பெரிய தையல்!" என்றாள் ஒருத்தி என்னிடம்.

நாத்தனார் என்னைப் பார்த்தார். "ஒரு தேத்தண்ணி போடும்மா," என்றார் ஈனசுரத்தில்.

போட்டுக் கொடுத்தேன்.