ஏழு மணிக்குத் திறக்கும் கதவு

போன வசந்தத்தில், மொன்றியலின் வில்லரே பகுதியில் என் அக்காவின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலைக்குப் போகிற பெற்றோர் வகுப்பு தொடங்குமுன்னரே பிள்ளைகளை விட்டுச்செல்லும் கார்டெரி அங்கே காலை ஏழு மணிக்குத் திறக்கும். அடுத்த கல்வியாண்டிலிருந்து ஏழே முக்காலுக்குத்தான் திறக்குமாம். அவ்வளவு வேளைக்கு வருகிற பிள்ளைகள் குறைவு, அவர்களுக்காகக் கட்டடத்தைத் திறந்துவைப்பது கட்டுப்படியாகவில்லை என்று அழகான பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள்.

முக்கால் மணி நேரம்தானே என்று தோன்றும். அக்கா டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும். மெட்ரோ, பிறகு பஸ். ஏழே முக்காலுக்குப் பிள்ளையை விட்டால் காலை வேலை கையைவிட்டுப் போய்விடும். மிச்சம் இருப்பது பின்னேர வேலை. அதற்குப் போனால் மகள் பள்ளியால் வரும்போது தாய் வீட்டில் இருக்க மாட்டாள், தாய் வரும்போது மகள் நித்திரையாக இருப்பாள். அத்தான் லொறியில் எல்லை தாண்டிப் போய்வருகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை.

"நான் வந்து கூட்டிக்கொண்டு போய் விடுறன்" என்றேன். நான் கோட்-டெ-நெய்ஜில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்து பொது நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கிழமைக்கு வருவாய். பேந்து?" என்றாள் அக்கா. "நீ எட்டு மணிக்கு எழும்பினாலே மொன்றியலில மழை பெய்யும்."

"அப்ப பள்ளிக்கூடச் சபையில போய்க் கதைப்பம். கூட்டத்தில கேள்வி நேரம் இருக்கு. ஆரும் கேக்கலாம்."

"ஆரும் எண்டால் வரி கட்டுற ஆக்கள். நாங்கள் வாடகைக்கு இருக்கிற சனம். பள்ளிக்கூட வரிக் கடிதம் எங்கட பேரிலயே வருது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு தவணை முழுக்கக் காத்திருந்தேன்போல! பள்ளிக்கூட வரி வீட்டின் பெறுமதியைப் பார்த்துப் போடப்படுகிறது, கடிதம் சொந்தக்காரருக்கு வருகிறது, அவர் அதையும் சேர்த்துத்தான் வாடகையைத் தீர்மானிக்கிறார், ஆகவே நீயும் கட்டுகிறாய் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அதற்குள் அக்கா மூன்று சட்டி கழுவி முடித்திருந்தாள்.

அன்றைக்கே ஒரு விண்ணப்பம் எழுதினேன். வாடகைக்கு இருப்பவர்களும் இந்தப் பள்ளியைத் தாங்குகிறார்கள், அவர்களுடைய வேலை நேரத்தையும் பள்ளி கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சாரம். பிழையில்லாத பிரெஞ்சு. அதில் எனக்குப் பெருமை.

முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டின் சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார். அறுபது தாண்டியவர், ஆனாலும் எங்களுக்கு அண்ணைதான்.

"எனக்குப் பிள்ளையுமில்லை, பேரப்பிள்ளையுமில்லை. வருசா வருசம் வரி மட்டும் தவறாமல் வருது. இதில கையெழுத்தும் வைக்கோணுமோ?"

"அண்ணை, அந்த வரி அக்கா தாற வாடகைக்குள்ளயும் இருக்கெல்லோ?"

"அப்பிடியெண்டால் வாடகையைக் கொஞ்சம் கூட்டட்டோ, பிள்ளை?" சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அந்தச் சனிக்கிழமை, அக்கா மகளின் வகுப்புத் தோழி ஒருத்திக்கு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள். நான் வாசலில் ஒரு மேசை போட்டு விண்ணப்பத்தை வைத்தேன். அரை மணி நேரம் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். பிறகு ரோல்ஸ் வந்தது, ஆட்டிறைச்சிக் கறி வந்தது, நான் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழு பக்கம் நிறைந்திருந்தது. மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கூட்டத்தில் பேசவேண்டியதை மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூட நூலகத்தில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் அக்காவும் நானும் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் மகள். என் முறை வந்ததும் வரி, வாடகை, உரிமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, ஏழு பக்கத்தையும் நீட்டினேன். சபைத் தலைவியும் ஒரு தாய்தான். பொறுமையாகப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். "கல்வியில் சிறந்து பல்லாண்டு வாழ்க. ரொறன்ரோ பெரியமாமா குடும்பம்." அடுத்த வரியில் இன்னொரு வாழ்த்து. அதற்கடுத்து யாரோ ஒரு ரோஜாப்பூ வரைந்திருந்தார்கள். எங்கள் விழாக்களில் வாசலில் மேசையும் பேனாவும் இருந்தால் அது வாழ்த்து எழுதத்தான். மேலே இருந்ததோ பிரெஞ்சு, ரொறன்ரோவிலிருந்து வந்தவர்களுக்கு அது வெறும் அலங்காரம். ஐந்து பக்கம் முழுக்க அந்தச் சிறுமியை மனதார வாழ்த்தியிருந்தார்கள்.

"இந்தப் பள்ளிப் பெற்றோர் எத்தனை பேர்?" என்றார் தலைவி. அந்த இடத்திலேயே எண்ணினேன். ஒன்பது.

என் காது சுட்டது. அப்போது பக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது. அக்கா எழுந்து நின்றாள். அவளுடைய பிரெஞ்சு சமையற்கூடத்தில் படித்தது, வினைச்சொற்கள் எல்லாம் ஒரே காலத்தில் நிற்கும். மகள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருத்தினாள். அக்கா திருத்தத்தைக் கவனிக்கவில்லை. எத்தனை மணிக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு வேலை, கதவு பிந்தித் திறந்தால் என்ன போகும், அவ்வளவுதான் சொன்னாள். கடைசியாக, "வாடகைக்குள் நானும் இந்தப் பள்ளிக்குக் கட்டுகிறேன்" என்றாள். சட்டி கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டிருக்கிறாள்!

சபை கூடிப் பேசியது. ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவரப் பன்னிரண்டு குடும்பங்கள் இரண்டு வாரத்துக்குள் பதிந்தால், அடுத்த ஆண்டும் கதவு ஏழுக்கே திறக்கும் என்றார்கள். கையெழுத்து வைத்த எங்கள் ஒன்பது குடும்பம் போக, இன்னும் மூன்று.

வெளியே வந்ததும், "நான் இணையத்தில ஒரு படிவம் செய்யிறன், நாலு மொழியில" என்றேன்.

"நீ சனத்தைத் தேடிப் பார்ட்டிக்குப் போனாய்" என்றாள் அக்கா. "விடிய வேலைக்குப் போற சனம் விடிய எங்க நிக்கும்?"

அடுத்த மூன்று நாளும் நான் அக்கா வீட்டில் படுத்தெழும்பி மகளைப் பள்ளியில் விட்டேன். அக்கா வழமையைவிட இரண்டு பஸ் முன்னதாக நிறுத்தத்துக்குப் போய், அங்கே நிற்கிறவர்களோடு கதைத்தாள். ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் ஒரு ஹெயிட்டித் தாய், ஒரு வங்காளத் தாய், விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு தகப்பன். மூவரும் இதே பள்ளியில் படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள். வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு எங்கே இடம் தரப்போகிறார்கள் என்று பள்ளியில் கேட்கவேயில்லையாம். மூன்று பேரும் பதிந்தார்கள்.

ஜூலையில் கீழ்வீட்டு அண்ணை பள்ளிக்கூட வரிக் கடிதத்தோடு வெளிப்படியில் ஏறி வந்தார். "இந்தா தங்கச்சி, உம்மட கடிதம் பிழையா என்ர பேரில வந்திருக்கு."

"வைச்சிட்டுப் போங்கோ அண்ணை" என்றாள் அக்கா. "ஓகஸ்ட் கடைசியில கதவைத் திறக்கினமோ எண்டு பாத்திட்டுக் காசு தாறன்."

பள்ளி தொடங்கிய அன்று காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள்: திறந்த கதவு, உள்ளே எரியும் விளக்கு. நான் அதை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தேன்.