சப்பாத்துப் போட்ட நேர்த்தி

எங்கள் தீவில் ஐம்பதை நெருங்கும் பெண்ணொருத்தி தெருவில் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருக்கும். நாய் துரத்தியிருக்கும். இவை ஒன்றும் இல்லையென்றால் சீனி வருத்தம், அதுவும் இல்லையென்றால் தலையில் ஏதோ பிசகு. இந்தக் காரணம் ஒன்றும் இல்லாமலும் ஒருத்தி ஓடலாம் என்பதை ஊர்ச்சனத்துக்கு விளங்கவைக்க நான் பட்ட பாட்டுக்கு இன்னொரு மரதன் ஓட்டமே ஓடி முடித்திருக்கலாம்.

நான் ஓடத் தொடங்கியது கழுதைகளால். ஒரு விடியற்காலை, கீரி என்ற எங்கள் ஊரில் வீட்டு வளவுக்குள் புகுந்த கழுதைகள் நான் நட்ட வாழைக்கன்றுகளைத் தின்றுகொண்டிருந்தன. விளக்குமாறும் கையுமாகக் கலைத்தேன். அவை கடற்கரைப் பக்கம் ஓட, நானும் பின்னால் ஓடினேன். சற்றுத் தூரம் போனதும் கழுதைகள் நின்றுவிட்டன. நான் நிற்கவில்லை. அவற்றையும் மீன்வாடிகளையும் தாண்டி, மூச்சு முட்டும்வரை ஓடினேன். நெஞ்சு அடித்தது, ஆனால் மனம் அவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது. அடுத்த நாளும் போனேன். அன்று கழுதை ஒன்றும் வரவில்லை.

அப்போது எனக்குத் தபால் கந்தோரில் வேலை. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் கணவரும்தான். அவர் இருதய ஒப்பரேசன் செய்து, சுகமாகி, பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். கொழும்பில் மரதன் நடக்கப்போகிறது என்று வானொலியில் கேட்டவுடன் நான் பெயர் கொடுத்தேன். அவர் சிரித்தார். மூன்றாம் நாளே விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

விடவில்லை. கந்தோருக்குப் போகமுன் ஓடினேன். ஞாயிறுகளில் முதல் பூசை கண்டுவிட்டு, தீவை விட்டு வெளியே போகும் பாலத்தைக் கடந்து, உயிலங்குளம் வரை போய்த் திரும்பினேன். சோளகக் காற்று எழும்பினால் பாலத்தில் ஓடுவது யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். கால்விரல் நகங்கள் கறுத்து விழுந்தன. தொடை உரசி எரிந்தது, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டேன். முழங்கால் படி இறங்க மறுத்தது. இந்த வயதில் உடம்பு ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பேசும், பேசிப் பேசித்தான் அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதையெல்லாம் தாங்கினேன். சனத்தின் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. முத்திரை வாங்க வருபவர் கேட்பார், பார்சல் எடுக்க வருபவர் கேட்பார்: "என்ன அக்கா, ஆருக்கு என்ன நடந்தது?" பாலத்தடியில் காவல் நின்ற ஆமிப் பெடியன் மட்டும் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. ஓடுவது அவனுக்குத் தினசரி வேலை.

நான் முன்பும் ஓடியவள். சண்டைக் காலத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் உடுப்பு மூட்டையுமாக, இதே தெருவில் ஓடியிருக்கிறேன். அன்று ஏன் ஓடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயத்தில் ஓடினால் சரி, விருப்பத்தில் ஓடினால் பிழை. இது எந்த ஊர் நியாயம்?

பிறகு ஒரு நாள் கேள்விகள் சட்டென்று நின்றன. எதிரே வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மீன் லொறிக்கார முஸ்லிம் வியாபாரி ஒருவர் வண்டியை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "குடிங்கோ தங்கச்சி. உங்கட நேர்ச்சையை அல்லாஹ் கபூல் செய்யட்டும்" என்றார். என்ன நேர்ச்சை என்று கேட்கமுன் லொறி போய்விட்டது. எங்கள் சந்தியில் கருவாடு விற்கும் கிழவி என்னை மறித்து என் காலைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, நேர்த்திக்கடனுக்கு ஆராவது சப்பாத்தோட ஓடுவினமோ? கழட்டிப்போட்டு ஓடு. மாதா பாத்துக்கொண்டிருக்கிறா." கிழவிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

உயிலங்குளத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வயல் ஓரமாக எனக்காகவே காத்திருந்த ஒரு பெண், கையில் மெழுகுதிரியொன்றைத் திணித்தாள்.

"அக்கா, என்ர மகள் கலியாணம் கட்டிக் கனகாலம். ஒரு பிள்ளையைக் கேட்டு இதையும் மடுக் கோயிலில் மாதாவுக்குக் கொளுத்திவிடுங்கோ."

"நான் மடுவுக்குப் போகேல்லையே, தங்கச்சி."

"இப்ப இல்லை, நேர்த்தி முடிக்கிற அண்டைக்கு. உங்கட அவருக்கு இருதயம் சுகமானதுக்கு மடுவரைக்கும் ஓடிப் போறதெண்டு நேர்ந்தனீங்களாமே. அவர்தான் சொன்னவராம். ஊரெல்லாம் தெரியும்."

அன்று திரும்பி ஓடிய வேகத்தில் நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மெழுகுதிரி கைச்சூட்டில் வளைந்திருந்தது. கணவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மெழுகுதிரியை அவர் முன்னால் வைத்தேன்.

"சனம் கேக்குது" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "சலூனுக்குப் போனாலும் கேக்குது, கடைக்குப் போனாலும் கேக்குது. நான் என்னத்தைச் சொல்லுறது?"

"சும்மா ஓடுறா எண்டு சொல்லுறதுதானே."

"மனுசி சும்மா ஓடுறா எண்டு சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

என்னைப் பற்றி! முழங்கால் என்னுடையது, விழுந்த நகம் என்னுடையது, அதில் மானம் மட்டும் அவருடையது. அவருடைய ஒப்பரேசனுக்கு நான் உண்மையாகவே நேர்ந்தவள். வெறுங்காலோடு மடுவுக்கு நடந்தேன். கோயில் முற்றத்தை முழங்காலால் கடந்தேன். அழுது நன்றி சொன்னேன். அந்த நேர்த்தி குறையில்லாமல் முடிந்தது, அதை மனதார அவருக்காகச் செய்தேன். சமைத்ததும் உபவாசம் இருந்ததும் நவநாள் செய்ததும் யாரோ ஒருவருக்காகத்தான். என்னுடையது என்று எனக்கு இருந்தது இந்த ஓட்டம் ஒன்றே. அதையும் சலூன் கதிரையில் இருந்தபடி எடுத்துத் தன் பெயருக்கு எழுதிவிட்டார்.

அவரோ சமாதானம் பேசினார். "இஞ்சயிருந்து மடுவும் கிட்டத்தட்ட மரதன் தூரம்தானே. கொழும்புக்கு ஏன் போறாய்? மடுவுக்கே ஓடு. சனத்துக்கும் சந்தோசம், உன்ர ஓட்டமும் முடிஞ்சுது."

அதை நான் ஒரு கணம் யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

மெழுகுதிரிகள் வந்துகொண்டே இருந்தன. கந்தோரில், முத்திரை விற்கும் கண்ணாடித் துவாரம் வழியாகக்கூட வந்தன. மகனுக்கு விசா, தங்கச்சிக்குக் கான்சர், காணாமல் போன தமையன். பொய் என் கணவருடையது, ஆனால் அந்தப் பெண்களின் கண்ணீர் பொய்யில்லையே. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வாங்கி ஒரு உரப்பை நிறைந்தது.

கடைசியில் ஒரு முடிவெடுத்தேன். கொழும்புக்குப் போவதற்கு முந்தின வாரம், உரப்பையை அவர் தோளில் ஏற்றி, இருவரும் பஸ்ஸில் மடுவுக்குப் போனோம். "நேர்ந்தது நீங்கள். நீங்களே கொளுத்துங்கோ" என்றேன். ஒவ்வொரு மெழுகுதிரியாகக் கொளுத்தினார். யாருடையது, என்ன மன்றாட்டு என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். காணாமல் போன தமையனின் திரி காற்றில் அணைய, கையால் மறைத்து மறுபடியும் கொளுத்தினார். ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வேறு ஆசனத்தில் இருந்தேன்.

கொழும்பில் ஓடினேன். பக்கத்தில் ஓடியவர்களின் சட்டைகளில் புற்றுநோய்க்காக, சமாதானத்துக்காக, மரம் நடுவதற்காக என்று எழுதியிருந்தது. அங்கேயும் காரணம் தேடும் இதே நோய்தான். என் சட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பாதித் தூரத்துக்குப் பிறகு கால் பிடித்து இழுத்தது, கடைசிப் பகுதியில் நடந்தும் ஓடியும் போனேன். முடித்துவிட்டுப் புல்லில் விழுந்து கிடந்தேன். அழுகை வந்தது. அது முழுக்க என்னுடைய அழுகை.

ஊருக்கு வந்தபோது சனம் நேர்த்தி முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் போனது கொஞ்சம் குறைதான், ஆனாலும் மாதா மன்னிப்பா என்று பேசிக்கொண்டார்கள். கால் நோவு ஆறியதும், ஒரு விடியற்காலை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

கணவர் சந்தியில் கருவாட்டுக் கிழவியிடம் நெத்தலி வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கிழவி கையை நெஞ்சில் வைத்தார். "பிள்ளை, நேர்த்திதான் முடிஞ்சுதே! இன்னும் ஏன் ஓடுறாய்?"

நான் ஓட்டத்தை நிறுத்தாமல், அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி ஓடினேன். "அவரிட்டைக் கேளுங்கோ அம்மா."

கிழவி அவரைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்க வந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் நெத்தலிப் பையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். களவு பிடிபட்டவர் போல முகம் சிவந்தது. நான் விடவில்லை. ஓடிக்கொண்டே நின்றேன்.

"சும்மா" என்றார், மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவ சும்மாதான் ஓடுறா. முந்தியும் சும்மாதான் ஓடினவ."

கிழவி குனிந்தார். என் காலைப் பார்த்தார்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். "சும்மா ஓடுறதெண்டால் சப்பாத்துப் போடலாம்."